வாடையில்லாத கை

எங்கள் தெருவுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் முதலில் தும்முவார்கள். அப்புறம்தான் வழி கேட்பார்கள்.

தெருக்கோடியில் கொப்பரை வீடு. காட்டுத்துளசியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, ஆள் இறங்கினால் தலை மறைகிற செப்புக் கொப்பரையில் திணித்து, அடியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியைக் குழாய் வழியே குளிர்தொட்டிக்குள் இறக்கி எண்ணெய் வடிக்கிற வீடு அது. ஒரு கொப்பரை இலைக்குச் சின்னப் புட்டி நிறைந்தால் அன்றைக்கு நல்ல நாள். கிராம்பைக் கடித்த காரமும் கசக்கிய இலையின் பச்சையும் சேர்ந்த வாடை. கூரையில் இருக்கும், கதவில் இருக்கும், கொடியில் காயும் துணியில் இருக்கும். ஆனால் அங்கேயே கிடக்கிறவன் மூக்குக்கு மட்டும் எட்டாது. கொஞ்ச நாளில் பழகிப்போய்விடும். நான் அங்கே இலை சுமந்தேன், அடுப்புக்கு விறகு தள்ளினேன். என்னை யாராவது முகர்ந்து பார்த்து முகம் சுளித்தால்தான் எனக்கே நினைவு வரும்.

கொப்பரை வேலைக்கு என்று ஒரு சுத்தம் உண்டு. எண்ணெயில் தண்ணீர் ஒரு சொட்டு சேர்ந்தாலும் கலங்கிவிடும். அதனால் அந்த வீட்டில் ஏனத்தைத் தண்ணீரில் அலச மாட்டார்கள். வடிப்பின் கடைசியில் வருகிற மட்ட எண்ணெயில் ஒரு துணியை நனைத்து வைத்துக்கொண்டு, அதனால் துடைப்பார்கள். கொப்பரைக்காரரின் தங்கை அந்தத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டேதான் நடமாடுவாள். டம்ளர், தூக்குவாளி, தாழ்ப்பாள், எது கண்ணில் பட்டாலும் ஒரு துடைப்பு. "எறும்பு அண்டாது, பூசணம் பிடிக்காது" என்பாள். உண்மைதான். அந்த வீட்டில் எறும்பைப் பார்த்தவர் கிடையாது.

தங்கையின் புருஷனுக்குப் பட்டப்பெயர் ரேடியோ. வாய் ஓயாது. செம்மறி மேய்க்கிறவன். கொப்பரை வீட்டுக்குப் பின்னால், வேலி தாண்டி அவன் பட்டி. எண்ணெய் வாடை அவனுக்கு ஆகாது, மண்டை இடிக்கும். கொப்பரைக் கொட்டகைக்குள் காலே வைக்க மாட்டான். பட்டியிலேயே பரண் போட்டுப் படுப்பான். தன் துணியைத் தானே துவைப்பான். தானே சமைப்பான்.

"பொண்டாட்டி வேணும்னா வேலி தாண்டி வரணும். வீடு வேணும்னா மூக்க அறுக்கணும். நான் என்னதான் பண்றது?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவான்.

அந்த வருஷம் மழை விட்டு விட்டுப் பெய்தது. புல் காயவே இல்லை. ஆடுகள் இளைக்க ஆரம்பித்தன. தாடைக்குக் கீழே தண்ணீர் கோத்துப் பை மாதிரி தொங்கியது. கண்ணிமையைப் புரட்டினால் சிவப்பு இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வயிற்றுப் புழு. இரத்தத்தை உறிஞ்சுகிற சாதி. மருந்துக்கடையில் வழக்கமாகக் கொடுக்கிற மருந்தை ரேடியோ ஊற்றினான். மறுபடியும் ஊற்றினான். காலையில் பட்டியைத் திறக்கும்போது ஏதாவது ஒன்று எழுந்திருக்காமல் கிடக்கும்.

மந்தைக்கு முன்னால் நடக்கிற பெட்டையாட்டுக்கு மேஸ்திரி என்று பெயர். அது கிளம்பினால்தான் மற்றவை கிளம்பும். ஒருநாள் மேஸ்திரிக்கும் தாடை தொங்கிவிட்டது. அன்றைக்குத்தான் ரேடியோ வேலியோரம் வந்து நின்று கத்தினான்.

"மச்சான்! உன் எண்ணெயில ஒரு புட்டி குடு."

கொப்பரைக்காரர் குழாய்முனையில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "எதுக்கு மாப்பிள்ளை?"

"எதுக்கா? உன் வீட்டுக்குள்ள எறும்பு வரல, கரப்பான் வரல. நானே வரல! அப்போ புழு மட்டும் எப்படி இருக்கும்? ஆட்டுக்கு ஊத்தப் போறேன்."

"வெந்துடும்யா. தொண்டை வெந்துடும். இது என்ன மோரா?"

"ஊத்தாட்டியும் சாகுது. ஊத்திச் செத்தா என்ன?"

"நான் வடிச்ச எண்ணெயில சாகக் கூடாது."

"அட, கௌரவத்தப் பாரு! பட்டி காலியானா நான் இங்க யாருக்கு முன்னால பேசிட்டு நிக்கிறது? உன் தங்கச்சியக் கூட்டிக்கிட்டுக் கிளம்பறேன். கட்டட வேலைக்கு ஆள் கூப்பிடறான். அவ கல் சுமக்கட்டும், நான் மண்ணு சுமக்கறேன். நீ இங்கயே சொட்ட எண்ணிக்கிட்டு இரு."

கொப்பரைக்காரர் அப்போது நிமிர்ந்தார். தாய் தகப்பன் போன பிறகு அந்தத் தங்கையைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டே அடுப்பெரித்தவர். அவருக்கு அவளைத் தவிர யாருமில்லை. தங்கை கொட்டகை வாசலில் நின்று ஒரு மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த மூடியையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"லேப் அம்மாவக் கேப்போம்" என்றார் கொப்பரைக்காரர். "அவங்க சொன்னா ஊத்து. நானே வந்து வாயப் பிடிக்கிறேன்."

லேப் அம்மா ஊருக்கு வெளியே ஆய்வகத்தில் இருக்கிறவர். எங்கள் எண்ணெயை வாங்கி ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தார். புட்டி கொண்டுபோகிறது என் வேலை. ரேடியோவும் கூடவே வந்தான். பேசிக்கொண்டே வந்தான்.

அம்மா முதலில் எங்களுக்கு ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. நடுவில் பொட்டு அளவு காகிதத்துண்டு. அதைச் சுற்றி மட்டும் பளிங்காகத் தெளிந்த ஒரு வட்டம்.

"படர்ந்திருக்கிறது கிருமி. ரணத்துல சீழ் வைக்குமே, அந்த மாதிரி கிருமி. இந்தக் காகிதத்துல உங்க எண்ணெய் ஒரு பொட்டு வச்சேன். கிருமி இந்த வட்டத்தோட ஓரம் வரைக்கும் வந்து நின்னுடுச்சு பாருங்க."

ரேடியோ தட்டைப் பார்த்தான். கோடு போட்டாற்போல் இருந்தது அந்த விளிம்பு. யாரும் வேலி கட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்து, இதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றிருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை மூட்டை சுமந்திருக்கிறேன். முதுகில் இருந்தது இதுவா?

"அப்போ ஆட்டுக்கு?" என்றான் ரேடியோ.

"அது வேற சோதனை. நோவு வந்த ஆட்டோட புழுக்கை வேணும், புதுசா. அதுல புழுவோட முட்டை இருக்கும். பிரிச்சு எடுத்துக் கிண்ணத்துல போட்டு, எண்ணெய் பட்டும் பொரிஞ்சு புழு வெளிய வருதான்னு பாக்கலாம். நல்ல சுத்தமான டப்பாவுல போட்டுக் கொண்டாங்க. ரொம்பச் சுத்தமா இருக்கணும்."

ரொம்பச் சுத்தம் என்று அவர் சொன்னதை நாங்கள் வார்த்தை மாறாமல் வீட்டில் சொன்னோம். தங்கை ஒரு தகர டப்பாவை எடுத்தாள். புதுத்துணி கிழித்தாள். உள்ளே, வெளியே, மூடியின் மடிப்பு, ஓரம் என்று முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தாள். தானே பட்டிக்குள் போய் மேஸ்திரியிடமும் நோவு கண்ட மற்ற ஆடுகளிடமும் புழுக்கை சேகரித்தாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ரேடியோவும் நானும் போனபோது அம்மா மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி இருந்தார். மேஜையில் வரிசையாகச் சின்னச்சின்னக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எண்ணெய் கூடுதல், எண்ணெய் குறைவு, கடை மருந்து, வெறும் தண்ணீர்.

"என்னம்மா, செத்துச்சா?" என்றான் ரேடியோ.

"ஒண்ணுகூடப் பொரியல" என்றார் அம்மா.

அவ்வளவுதான். ரேடியோ ஒரு குதி குதித்தான். "சொன்னேன்ல! அந்த எண்ணெய்க்கு முன்னால எது நிக்கும்?" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்து ஓடியே போய்விட்டான். அம்மா கூப்பிட்டது அவன் காதில் விழவில்லை. பேசுகிறவனுக்கு என்றைக்குக் காது கேட்டது?

நான் மட்டும் நின்றேன். அம்மாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எந்தக் கிண்ணத்துலயும் பொரியலப்பா. வெறும் தண்ணியிலயும் பொரியல."

"நல்லதுதானேம்மா?"

"இல்ல. தண்ணியில இருக்கறது உயிரோட எழுந்து வரணும். அது வந்தாத்தான் எண்ணெயில இருக்கறதுக்கு எண்ணெயால ஆச்சுன்னு நான் சொல்ல முடியும். எல்லாமே போச்சுன்னா, எதால போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? முட்டையே கெட்டதா இருந்திருக்கலாம். இந்தச் சோதனை செல்லாது. அவரப் போய் நிறுத்து. எண்ணெய அப்படியே ஊத்தினா ஆடு வாய் வெந்து சாகும்."

நான் ஓடினேன். சுமை இல்லாமல் ஓடுவது எனக்குப் பழக்கமில்லை. கால் தன்னால் பின்னியது.

பட்டியில் ரேடியோ மேஸ்திரியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கி, தாடையை அண்ணாந்து பிடித்திருந்தான். தங்கை எண்ணெய்ப் புட்டியோடு நின்றாள். கொப்பரைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம்.

"ஊத்துடி!"

"அண்ணன் வேணாங்குதே."

"லேப் அம்மாவே சொல்லிட்டாங்க! ஊத்துங்கறேன்ல!"

தங்கை புட்டியைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். "சரி. நாக்க நீட்டு" என்றாள்.

"ஆடு எங்கடி நீட்டும்?"

"ஆட்டச் சொல்லல. உன்னச் சொன்னேன். உனக்கு ஒண்ணும் ஆகலன்னா அதுக்கு ஊத்தறேன்."

ரேடியோ ரோஷக்காரன். நாக்கை நீட்டினான். அவள் புட்டியைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டாள். ஒரு கணம் அவன் கண்ணை மட்டும் உருட்டினான். அடுத்த கணம் ஆட்டை விட்டுவிட்டான். ஆடு தண்ணீர் குடிக்கிற தொட்டி மேல் குப்புற விழுந்து தண்ணீருக்குள் முகத்தை நுழைத்தான். மேஸ்திரி மெதுவாகப் போய் மூலையில் நின்றுகொண்டது.

"எழிஞ்சு... எழியுது..." என்றான். நாக்கு மரத்து, எரிச்சலும் சேர்ந்து, பேச்சு குழறியது. வேலிக்கு அந்தப் பக்கம் கொப்பரைக்காரர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்த மழைக்காலத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு, தண்ணீர்க் கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். தண்ணீரிலும் பொரியவில்லை, முட்டை கெட்டதாக இருக்கும் என்று அம்மா சொன்னதையும் சொன்னேன்.

தங்கை தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். துணி அங்கேதான் இருந்தது.

"முட்டை கெட்டது இல்ல" என்றாள். "டப்பாவ நான்தானே துடைச்சேன். சுத்தமா இருக்கணும்னு சொன்னாங்களேன்னு நல்லாத் துடைச்சேன். என் கையாலயே அள்ளிப் போட்டேன்."

கொப்பரைக்காரர் தன் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்று எங்களுக்கும் தெரியும். வெறும் துடைப்பில் ஒட்டியிருந்த ஈரத்துக்கே அத்தனை முட்டையும் மூச்சுவிடாமல் போயிருக்கிறது. இவ்வளவு நாளும் நாங்கள் எதைக் கையில் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறோம்!

"ஏண்ணே, இது நல்லதா, கெட்டதா?" என்று தங்கை கேட்டாள்.

"தெரியலம்மா" என்றார் அவர். "பயமா இருக்கு."

மறுநாள் காலையில் லேப் அம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "இங்கயும் எண்ணெய் வாடைதான், எனக்கும் தெரியல" என்றார். வெந்நீரில் கழுவிய ஒரு கண்ணாடிப் புட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "இதை அந்த எண்ணெய் படாத கை ஒண்ணு தொடணும். அள்ளறதும் அந்தக் கைதான், கொண்டுவர்றதும் அந்தக் கைதான். வெயில் படக் கூடாது, காயக் கூடாது. நீ தொடாத" என்றார். தாளின் நுனியைப் பிடித்து, பாம்பைத் தூக்கி வருகிறவன் மாதிரி வந்தேன்.

எண்ணெய் படாத கைக்கு எங்கே போவது? எங்களுக்கு மூக்கு செத்துப்போய்விட்டதால் எதிர்வரிசைத் தையல்காரரைக் கூப்பிட்டோம். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். முகர்வதற்கு எதற்குக் கண்ணாடியைக் கழற்றினார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

நாங்கள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம்.

கொப்பரைக்காரர் கையை முகர்ந்தார். "உங்களக் கசக்கிப் பிழிஞ்சா அரைப் புட்டி வரும்யா."

தங்கை சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தாள். "நல்லாத் தேய்ச்சிருக்க தாயி. ஆனா உள்ள இருந்து வருது. எலும்புல இருக்கு போல."

என் முறை. "யோவ் மூட்டை, நீ கையவே நீட்ட வேணாம். நீ தெரு திரும்பும்போதே எனக்குத் தெரியும்."

கடைசியில் ரேடியோ. கையை முகர்ந்தார். புரட்டி முகர்ந்தார். முழங்கை வரைக்கும் போனார். "ஆட்டு வாடைதான். வேற ஒண்ணும் இல்ல. கை சுத்தம்." பிறகு நிமிர்ந்து மூக்கைச் சுருக்கினார். "வாயிலதான்யா வருது."

"ஒரு சொட்டுதான்..." என்று ரேடியோ ஆரம்பித்தான்.

"பேசாத! பேசினா புட்டிக்குள்ள போகும்."

"அப்போ லேப் போற வரைக்கும்?"

"வாய மூடிக்கிட்டுப் போ."

தெருவே கூடி நின்று பார்த்தது. ரேடியோவை நிறுத்துகிற பொத்தானைத் தையல்காரர் கண்டுபிடித்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

வாயில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு ரேடியோ பட்டிக்குள் போனான். மேஸ்திரியின் வாலருகே குந்தி, புழுக்கை விழக் காத்திருந்து, சூடு ஆறாமல் புட்டியில் எடுத்தான். மற்ற ஆடுகளிடமும் எடுத்தான். நனைத்துப் பிழிந்த தன் மேல்துண்டைப் புட்டியைச் சுற்றிக் கட்டினான். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. வழியெல்லாம் அவன் குனிந்தே நடந்தான். தன் நிழல் புட்டியின் மேல் விழும்படி நடந்தான். பள்ளம் வந்தால் நின்று, பார்த்து, காலை வைத்தான். தள்ளி நடந்து வந்த எனக்கு அது விசித்திரமாக இருந்தது. தன் ஆட்டைக் கொன்ற புழுவின் முட்டையை, கைக்குழந்தையைப் பேறுகால வீட்டிலிருந்து தூக்கி வருகிறவன் மாதிரி மார்போடு ஏந்திக்கொண்டு போனான். அது செத்துவிடக் கூடாது என்று அவனுக்குப் பயம். ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தான். வாய் கட்டியிருந்தது. கண்ணில் தண்ணீர்.

அம்மா அன்றைக்கே புழுக்கையைக் கரைத்து, சல்லடை சல்லடையாக வடிகட்டி, முட்டைகளைப் பிரித்துக் கிண்ணங்களில் வைத்தார். எண்ணெய் கூடுதல், எண்ணெய் குறைவு, கடை மருந்து, வெறும் தண்ணீர். காத்திருக்கச் சொன்னார்.

காத்திருந்த நாளில் மேலும் ஒரு குட்டி போயிற்று. தங்கை ஒரு சாக்கை எடுத்து உதறி, தன் சேலைகளை மடித்து அதற்குள் வைத்தாள். கொப்பரைக்காரர் பார்த்தும் பார்க்காதவர் போல அடுப்பைக் கிளறினார். அன்றைக்கு வடிந்த எண்ணெயை அவர் நிறம்கூடப் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டிய நாளில் நாங்கள் நான்கு பேருமே போனோம். எண்ணெய்க்காரர்கள் மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜைக்குத் தள்ளி நின்றோம். அம்மா வெறும் தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். பார்த்தார். ரேடியோவைப் பார்த்துத் தலையசைத்தார்.

ரேடியோ ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை. "ஐயோ" என்றான், மெதுவாக. அவன் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு தங்கை பார்த்தாள். பிறகு கொப்பரைக்காரர். பிறகு நான்.

ஒரு சொட்டுக்குள் ஒரு ஏரி இருந்தது. வெளிச்சமான ஏரி. அதில் நூல் நூலாகப் புழுக்கள் நெளிந்து, நீந்தி, ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போய்க்கொண்டிருந்தன. காலியான முட்டைத்தோடுகள் உமி மாதிரி மிதந்தன. ஒரு முட்டைக்குள் ஒரு புழு சுருண்டு கிடந்தது. சுழன்றது. முட்டியது. தோட்டின் ஒரு ஓரம் விட்டுக்கொடுத்தது. அது வெளியே வந்தது. என் கண் முன்னாலேயே வந்தது. பட்டியைக் காலி பண்ணுகிற கொலைகாரன்தான். ஆனாலும் ஒன்று பிறப்பதைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகிறது.

"உயிரோட இருக்கு" என்றார் கொப்பரைக்காரர். கும்பிடப் போகிறவர் மாதிரி இருந்தது அவர் குரல்.

அடுத்து எண்ணெய் கூடுதலான கிண்ணம். அதே ஏரி. அதே வெளிச்சம். முட்டைகள் நெல்மணியாகக் கிடந்தன. சிலவற்றுக்குள் புழு முழுசாக உருவாகிச் சுருண்டிருந்தது. அசைவில்லை. கதவு வரைக்கும் வந்து கதவைத் திறக்காதவர்கள். எண்ணெய் குறைவான கிண்ணத்தில் பாதி பொரிந்து, பாதி நின்றிருந்தது.

"இப்ப சொல்லலாம்" என்றார் அம்மா. "இது உங்க எண்ணெயோட வேலை. வருஷக்கணக்கா இந்த மைக்ரோஸ்கோப்புக்குள்ள பாக்கறேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு இப்படித்தான் இருக்கும்." தன் முன்கையைக் காட்டினார். மயிர் குத்திட்டு நின்றது.

"அப்போ ஊத்தலாமா?" ரேடியோ கேட்டான். குரலில் பழைய வேகம் இல்லை.

"கூடாது. கிண்ணம் வேற, வயிறு வேற. ஆட்டுக்கு நாலு வயிறு. எண்ணெய் அத்தனையும் தாண்டிப் போய் இதே வேலையச் செய்யுமா, ஆட்ட ஏதாவது செய்யுமா, எவ்வளவு குடுக்கலாம், ஒண்ணும் தெரியாது. அதுக்கு இன்னும் நாளாகும். ஆனா இதையும் பாருங்க."

கடை மருந்து என்று சீட்டு ஒட்டிய கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு வைத்தார். ரேடியோ குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான்.

"நீந்துதே!"

"ஆமா. தண்ணியில நீந்தற மாதிரியே நீந்துது. நீங்க ஊத்தின மருந்துக்கு இந்தப் புழு பழகிப்போச்சு. உங்க மூக்கு எண்ணெய்க்குப் பழகின மாதிரி. வேற இனத்து மருந்து ஒண்ணு இருக்கு. கால்நடை டாக்டர்கிட்ட நான் பேசறேன். இன்னைக்கே வந்து போடச் சொல்றேன்."

தங்கை சுவரில் சாய்ந்தாள். "அப்போ அன்னைக்கு அந்தத் தண்ணிக் கிண்ணம் செத்துக் கிடந்தது..."

"அது அன்னைக்கே உயிரோட இருந்திருந்தா, கடை மருந்து கேக்கலன்னு அன்னைக்கே..." என்று சொல்ல வந்த அம்மா, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "பரவால்லம்மா. மேஸ்திரி இருக்குல்ல. போங்க."

டாக்டர் சாயங்காலம் வந்து மருந்து போட்டார். அதற்கு மேலும் சில ஆடுகள் போயின. காப்பாற்ற முடியாத தூரத்துக்கு அவை போய்விட்டிருந்தன. மற்றவை ஒவ்வொன்றாக அசைபோட ஆரம்பித்தன. சேலை வைத்த சாக்கு கொஞ்ச நாள் மூலையிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் அதில் இலை கட்டி நான் சுமந்தேன்.

லேப் அம்மாவின் சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இப்போது அவர் ஆய்வகத்திலேயே ஆடு வைத்து, அளந்து கொடுத்துப் பார்க்கிறாராம். எங்கள் பட்டியிலிருந்து அவருக்குப் புழுக்கை வேண்டியிருக்கிறது. கொப்பரை வீட்டின் பின்சுவருக்கு வெளியே, தனி ஆணியில், ஒரு கண்ணாடிப் புட்டி தொங்குகிறது. அந்த வீட்டில் எண்ணெய்த் துணி படாத ஏனம் அது ஒன்றுதான். அதை ரேடியோ மட்டும் தொடுவான். தண்ணீரில் கழுவுவான்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில் அவன் வேலியோரம் வந்தான். எதுவும் பேசவில்லை. கையை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டான். கொப்பரைக்காரர் அடுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன்.

மேஸ்திரி பட்டி வாசலில் நின்றது. தாடையில் தொங்கல் இல்லை. ரேடியோ குந்தி, கட்டை விரலால் அதன் கீழிமையை மெல்ல இறக்கினான். உள்ளே செம்பருத்தி மொட்டு மாதிரி ஒரு சிவப்பு.

தங்கை ஓடிவந்தாள். ஆட்டைத் தொடக் கை நீட்டினாள். பாதியில் நிறுத்தி, தன் கையைப் பார்த்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூக்கு உரசுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டுபோய் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மேஸ்திரி தும்மியது. பிறகு மேய்ச்சலுக்குக் கிளம்பியது. மற்றவை அதன் பின்னால் கிளம்பின.